ஏழடிக்கு எட்டரை அடி சமையலறை: சுவரை இடிக்காமல் விசாலமாக்க முடியுமா?

நங்கநல்லூர்க்காரி

வணக்கம். சென்னை நங்கநல்லூரில் 1994-இல் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில், முதல் மாடியில் இருக்கிறோம். எங்களுக்குக் கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு. சமையலறை 7 அடி அகலம், 8½ அடி நீளம். இந்த வீட்டுக்கு வந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. நான் பள்ளி ஆசிரியை. காலை 5 மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால் 7.20-க்குள் நான்கு டிபன் டப்பாக்களை மூடியாக வேண்டும்.

அறையின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். கிழக்கே ஜன்னல். அதற்கு வலப்பக்கம், தென்கிழக்கு மூலையை ஒட்டி அடுப்பு. தெற்குச் சுவர் நெடுகக் கறுப்பு கிரானைட் மேடை, நடுவில் சிங்க். வடக்குச் சுவரில் கடப்பா கல் அடுக்குகள், அவற்றின் ஓரத்தில் ஃபிரிட்ஜ். மேற்கே ஹால். ஹாலுக்கும் சமையலறைக்கும் இடையே உள்ள சுவரில் ஒரு வாசல், அதன் பக்கத்திலேயே சுவருக்குள் பதித்த அலமாரி. மேற்கைத் தவிர மற்ற மூன்று பக்கமும் இரண்டடி ஆழத்துக்குப் பரண். வடக்கிலிருந்து இரண்டடி, தெற்கிலிருந்து இரண்டடி போனால் தலைக்கு மேல் திறந்திருப்பது மூன்றடிதான். அடுப்பு முன் நிற்கும்போது யாரோ தோளில் கை வைத்து அழுத்துவது போல இருக்கும்.

டியூப் லைட் வாசலுக்கு மேலே, என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. விடிவதற்கு முன் வெங்காயம் நறுக்கினால் என் தலையின் நிழல் சரியாகப் பலகையின் மேல் விழுகிறது. கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து நின்று நறுக்கிப் பழகிவிட்டேன். மேடையின் உயரம் 35 அங்குலம். என் உயரம் 5 அடி. அடுப்பின் மேல் குக்கரை வைத்தால் கரண்டியைப் பிடிக்கக் கையைத் தோளுக்குத் தூக்க வேண்டியிருக்கிறது. இரண்டு ஆண்டுகளாக வலது தோளில் வலி.

இதையெல்லாம் இத்தனை ஆண்டுகள் சகித்துக்கொண்டவள் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், காரணம் என் மாமியார். அத்தைக்கு 81 வயது. சென்ற ஆண்டு இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. வாக்கர் இல்லாமல் நடக்க முடியாது, சமையலறையில் வாக்கர் திரும்பாது. ஹாலில் சோபாவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்து, பூண்டு உரித்துக் கொடுப்பார். காதும் மந்தம். நான் உள்ளிருந்து ஏதாவது சொன்னால், "என்னம்மா, என்னையா கூப்பிட்டாய்?" என்று கேட்பார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, ஒன்றுமில்லை அத்தை, கடுகு எங்கே என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன் என்பேன். ஒருநாள் சொன்னார்: "அடுப்பைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தால் ஏதோ விருந்துக்கு வந்த வீட்டில் இருப்பது போல இருக்கிறது." அன்றிலிருந்து எனக்கு இந்த யோசனைதான்.

உள் அலங்கார வேலை எடுத்துச் செய்பவர் ஒருவரை அழைத்துக் காட்டினோம். ஹால் சுவரை முழுவதும் எடுத்துவிடலாம், ஹாலைப் பார்த்தபடி ஒரு மேடை கட்டி அடுப்பை அங்கே மாற்றலாம், மூன்று பக்கமும் கூரை வரை அலமாரி அடிக்கலாம் என்று கணினியில் படம் போட்டுக் காட்டினார். படம் அழகாக இருந்தது. 3,40,000 ரூபாய் என்றார். எங்களால் செலவழிக்க முடிவது 1,00,000, மிஞ்சிப்போனால் 1,20,000. அடுப்பு மேற்கு பார்த்துத் திரும்புவதில் அத்தைக்குச் சம்மதமும் இல்லை. என் கணவரோ, செய்வதென்றால் கடன் வாங்கியாவது ஒரேயடியாகச் செய்துவிடலாம் என்கிறார்.

அந்தச் சுவரை எடுக்கலாமா? எடுக்காமலே அத்தை என்னைப் பார்க்கவும், நான் மூச்சு விடவும் வழி இருக்கிறதா? பணத்தை முதலில் எதில் போட வேண்டும்? சிறிய சமையலறையில் புழங்கும் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

செங்கல்லும் சுண்ணாம்பும்

சகோதரி, கட்டட வேலையில் 34 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். சுவரைப் பற்றி மட்டும் முதலில் சொல்கிறேன்.

கதவு நிலைக்குப் பக்கத்தில் சுவரின் கனத்தை அளந்து பாருங்கள். பூச்சோடு சேர்த்து 10 அங்குலம் வந்தால் அது 9 அங்குலச் சுவர். 5½ அல்லது 6 வந்தால் 4½ அங்குலத் தடுப்புச் சுவர். ஆனால் சுவருக்குள் அலமாரி பதித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 4½ அங்குலச் சுவரில் அலமாரி பதிக்க இடமே இருக்காது. ஆகவே உங்களுடையது 9 அங்குலச் சுவராகத்தான் இருக்கும். அந்தக் காலத்தில் இரண்டு மூன்று தளங்களோடு கட்டிய குடியிருப்புகள் பலவற்றில் தூண்கள் கிடையாது. சுவர்களே தளத்தைச் சுமக்கும். மேல்வீட்டுச் சமையலறைச் சுவர் உங்கள் சுவரின் மேல்தான் நிற்கிறது. அதை முழுவதும் எடுக்கலாம் என்று படம் போட்டுக் காட்டியவர் கட்டடத்தின் வரைபடத்தைக் கேட்டாரா? கேட்கவில்லை என்றால் அவரை மறுபடி வீட்டுக்குள் விடாதீர்கள். கடுமையாகச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். இதில் போவது உங்கள் பணம் மட்டுமல்ல, மூன்று குடும்பங்களின் உயிர்.

இப்போது நல்ல செய்தி. நீங்கள் தேடும் வழி அந்த அலமாரிக்குள்ளேயே இருக்கிறது.

சுவரில் அலமாரி விடும்போது கொத்தனார் அதன் முதுகுப் பக்கத்தை 3 அல்லது 4½ அங்குலச் செங்கல்லால் அடைப்பார். மேலே சுமையைத் தாங்க ஒரு லிண்டல், அதாவது திறப்புக்கு மேல் குறுக்கே ஒரு கான்கிரீட் உத்தரம், போடுவார். அந்த லிண்டல் சுவரின் முழுக் கனத்துக்கும் போட்டிருந்தால், முதுகில் இருக்கும் செங்கல் எதையும் சுமக்கவில்லை, வெறும் அடைப்புதான். அதை எடுத்துவிட்டால் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு ஜன்னல் கிடைத்துவிடும். பக்கச் சுவரில் ஒரு செங்கல்லைக்கூடத் தொட வேண்டாம்.

ஆனால் சோதிக்காமல் சம்மட்டியை எடுக்கக் கூடாது. ஹால் பக்கம், அலமாரியின் மேல்விளிம்புக்கு நேராக, ஒரு கை அகலத்துக்குப் பூச்சைச் சுரண்டிப் பாருங்கள். கான்கிரீட் தெரிந்தால் லிண்டல் இந்தப் பக்கம் வரை வந்திருக்கிறது. செங்கல் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். புதிய லிண்டல் கொடுக்காமல் திறக்க முடியாது. எதுவாக இருந்தாலும் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை நேரில் வரவழைத்து, எழுத்தில் வாங்கி, குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு பிரதி கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். ஹால் பக்கம் ஸ்விட்ச் பெட்டி எதுவும் அந்த இடத்தில் இருந்தால் மின்குழாய் உள்ளே ஓடும், அதையும் பாருங்கள்.

அறை சிறியது என்று மனம் தளர வேண்டாம். 7-க்கு 8½ என்றால் ஏறக்குறைய 5½ சதுர மீட்டர். நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சமையலறைக்குக் கேட்கும் குறைந்தபட்ச அளவு 5 சதுர மீட்டர், அகலம் 1.8 மீட்டர். உங்கள் அகலம் 2.1 மீட்டருக்கும் சற்று மேல். நான் படித்த காலத்திலிருந்து என் மனத்தில் நிற்கும் ஒரு சமையலறை உண்டு. 1926-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் வரைந்தது. அகலம் 1.9 மீட்டர்தான், உங்களுடையதை விடக் குறுகல். நீளம் சுமார் 3.4 மீட்டர். ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் சமையலறையைப் பார்த்து அதை அமைத்தார். சுமார் 10,000 வீடுகளில் போட்டார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து காய் நறுக்க ஒரு பலகை, கை எட்டும் தூரத்தில் மாவுக்கும் அரிசிக்கும் தனித்தனி இழுப்பறைகள். கூரையில் தண்டவாளம் போல ஒன்று. வேலை எங்கே நடக்கிறதோ அங்கே விளக்கை நகர்த்திக்கொள்ளலாம். பக்கத்து அறைக்குப் பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் ஓர் அகலமான கதவு. அடுப்பு முன் நின்றபடியே அந்த அறையில் விளையாடும் பிள்ளையைத் தாய் பார்க்க முடியும். உங்கள் நிழல் பிரச்சினையையும் உங்கள் மாமியார் கேட்பதையும் படித்தவுடன் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

பரணைப் பற்றி: பெரும்பாலும் லிண்டலோடு சேர்த்து வார்த்திருப்பார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பலகையை வெட்டி எடுக்கலாம், லிண்டலைக் காயப்படுத்தக் கூடாது. வரும் பொறியாளரிடம் இதையும் காட்டிவிடுங்கள்.

---

வாழைப்பூ

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. நான் திருச்சி உறையூர். என் சமையலறை 6½-க்கு 8. உங்களுடையதை விடச் சிறியது. மூன்று ஆண்டுகளுக்கு முன் மாற்றினேன். நான் செய்த தவறுகளை நீங்கள் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

பணம் எதிலும் போடுவதற்கு முன் பரணைக் காலி செய்யுங்கள். இடிக்க வேண்டாம், காலி மட்டும். எல்லாவற்றையும் அட்டைப் பெட்டிகளில் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பெட்டியின் மேல் எழுதி, படுக்கையறை மூலையில் அடுக்குங்கள். இரண்டு மாதம் அப்படியே சமையுங்கள். எது தேவையோ அதை மட்டும் பெட்டியிலிருந்து எடுங்கள். நான் எடுத்தவை மூன்றே பொருள்கள்: முறுக்கு அச்சு, பெரிய இட்லிக் கொப்பரை, மாமனார் திதிக்கு வெளியே எடுக்கும் வெண்கலப் பானை. மீதியெல்லாம் என் அம்மா சீராகக் கொடுத்தது என்பதற்காக வைத்திருந்த எவர்சில்வர். தங்கை மகளின் கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டேன். அதன் பிறகுதான் இரண்டு பரண்களில் ஒன்று தேவையே இல்லை என்று தெரிந்தது. அதை வெட்டி எடுத்த அன்று மாலை உள்ளே போய் நின்றேன். அறையின் அளவு ஓர் அங்குலம்கூட மாறவில்லை, ஆனால் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது போல இருந்தது.

மேடை உயரத்தை யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாது, நீங்கள்தான் அளக்க வேண்டும். சமையலறையில் செருப்புப் போடுவீர்கள் என்றால் போட்டுக்கொண்டு நில்லுங்கள். முழங்கையை மடக்கி, அங்கிருந்து தரை வரை அளக்கச் சொல்லுங்கள். அதிலிருந்து 4 முதல் 6 அங்குலம் குறைத்தால் நறுக்குவதற்கான உயரம். அடுப்பு வைக்கும் இடம் அதற்கும் 3, 4 அங்குலம் கீழே இருக்க வேண்டும், ஏனென்றால் அடுப்பே நாலைந்து அங்குலம் உயரம், அதன் மேல்தான் பாத்திரம். எனக்கு நறுக்கும் மேடை 32, அடுப்பு மேடை 28. பார்க்க ஒரு படி இறங்கியது போல இருக்கும். வேண்டாம், அசிங்கமாக இருக்கும் என்று கொத்தனார் சொன்னார். நான் விடவில்லை. இப்போது வருகிறவர்கள் எல்லாம் அந்தப் படியைத்தான் கேட்கிறார்கள். உங்கள் 35 அங்குல மேடையில் முழுவதையும் உடைக்க வேண்டாம். அடுப்பு இருக்கும் 3½, 4 அடியை மட்டும் இறக்கினால் போதும். உங்கள் தோள்வலிக்கு முதல் பணம் இதில்தான் போக வேண்டும் என்பேன்.

நிழலுக்கு வழி மிகவும் எளிது. மேடைக்கு மேலே 18, 20 அங்குலத்தில் 10 அங்குல ஆழத்தில் ஒரே ஒரு தட்டு அடித்து, அதன் அடியில் முன்விளிம்பை ஒட்டி எல்இடி பட்டை விளக்கு போட்டுவிடுங்கள். வெளிச்சம் உங்களுக்கும் பலகைக்கும் நடுவிலிருந்து வரும். மஞ்சள் ஒளியும் வேண்டாம், நீலம் பாய்ந்த வெள்ளையும் வேண்டாம். 4000 கெல்வின் என்று கேட்டு வாங்குங்கள். அந்த ஒளியில்தான் அரிசியில் கல் தெரிகிறது, கீரையில் புழு தெரிகிறது.

நான் செய்த பெரிய தவறு வெள்ளைக் கல். அறை பளிச்சென்று இருக்கட்டும் என்று கறுப்பு கிரானைட்டை எடுத்துவிட்டு வெள்ளை மேடை போட்டேன். இரண்டாம் வாரமே மஞ்சள் கறை. மாம்பழ அளவில், மிக்ஸிக்குப் பக்கத்தில். எலுமிச்சை, சோடா உப்பு எல்லாம் போட்டுத் தேய்த்தும் அதன் வடிவம் இன்றுவரை போகவில்லை. உங்கள் கறுப்பு மேடையை விட்டுவிடாதீர்கள் அக்கா. நிறத்தைச் சுவரில் மாற்றுங்கள். வெளிர் நிற ஓடு, பெரிய அளவில், இணைப்புக் கோடுகள் குறைவாக.

ஹாலுக்கு ஜன்னல் திறந்தால் தாளிப்புப் புகை ஹாலுக்கு வருமே என்று வீட்டில் சொல்வார்கள். அடுப்புப் பக்கம் எக்ஸாஸ்ட் விசிறி இருக்கிறதா? வெளியே காற்றைத் தள்ளும் விசிறிக்கு உள்ளே காற்று வந்துகொண்டே இருக்க வேண்டும். கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு விசிறியைப் போட்டால் அது வெறுமனே சுற்றும். ஹால் பக்கத்திலிருந்து காற்று நுழைந்து, உங்கள் முதுகைத் தொட்டு, அடுப்பைக் கடந்து வெளியே போனால் மிளகாய் வறுத்தாலும் ஹாலில் தும்மல் வராது. ஹால் திறப்பும் அடுப்புப் பக்க ஜன்னலும் எதிரெதிர் சுவர்களில் இருப்பதால் உங்கள் அமைப்பு இதற்குப் பொருத்தமானது. மிளகாய் வறுக்கும்போது விசிறிக்குப் பக்கத்திலுள்ள ஜன்னலை மட்டும் சாத்திவிடுங்கள். இல்லையென்றால் விசிறி அங்கிருந்தே காற்றை இழுத்துக்கொள்ளும்.

---

நீலச்சுடர்

ஒன்றே ஒன்று. ஒப்பந்தக்காரரின் படத்தில் சிலிண்டர் எங்கே இருக்கிறது? மேடைக்குக் கீழே, முழுக் கதவுக்குப் பின்னால் என்றால் ஏற்காதீர்கள். சமையல் எரிவாயு காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். மூடிய பெட்டிக்குள் கசிந்தால் வாசனைகூட நேரத்துக்கு வெளியே வராது. கதவு வேண்டும் என்றால் அடிப்பகுதியில் தரையை ஒட்டித் துளைகள் விட்ட கதவாக, அல்லது கம்பி வலைக் கதவாகப் போடுங்கள். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுப்பு அதை விட உயரத்தில் இருக்க வேண்டும், ரப்பர் குழாய் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். குழாயை மாற்றி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தால் இந்த வேலையோடு மாற்றிவிடுங்கள். அடுப்பு மேடையை 28 அங்குலத்துக்கு இறக்கினால் சிலிண்டர் அதன் கீழே நுழைகிறதா என்று முன்பே அளந்து பாருங்கள். ரெகுலேட்டரைத் திருப்பக் கைக்கு இடம் வேண்டும்.

---

மரத்தூள்

வணக்கம் அம்மா. தாம்பரம் பக்கம் 19 ஆண்டுகளாகத் தச்சு வேலை செய்கிறேன். மூன்று பக்கமும் கூரை வரை அலமாரி அடித்தால் உங்கள் பரண் பிரச்சினை மரத்தில் திரும்பி வரும், அவ்வளவுதான். மேலே அடிப்பதை நிறுத்திவிட்டுக் கீழே கவனியுங்கள்.

மேடைக்குக் கீழே 24 அங்குல ஆழம் இருக்கிறது. தட்டு அடித்தால் பின்பாதியில் இருப்பதை எடுக்க முட்டி போட்டுக் குனிய வேண்டும். அதனால்தான் அங்கே போன பாத்திரம் திரும்பி வருவதில்லை. இழுப்பறையாகச் செய்தால் பின்பாதி முன்னால் வந்து நிற்கும். மேலே இருந்து பார்த்தே எடுத்துவிடலாம். செலவு கூடுதல்தான். ஆனால் எல்லா இடத்திலும் வேண்டாம், மூன்று போதும். மேலே கரண்டியும் அஞ்சறைப் பெட்டியும், நடுவில் தட்டு டம்ளர், கீழே குக்கர், வாணலி. கடையில் விற்கும் ஆயத்த அளவுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டில் இருப்பதிலேயே பெரிய குக்கரை மூடியோடு அளந்து, அந்த அளவுக்குக் கீழ் இழுப்பறையைச் செய்யச் சொல்லுங்கள்.

பலகை விஷயத்தில் ஏமாறாதீர்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, கதவில் கண்ணாடி போலப் பளபளக்கும். சிங்க்குக்குக் கீழே ஒரு சொட்டு நீர் இறங்கினால் ரொட்டி போல உப்பிவிடும். அப்படி உப்பிய பெட்டிகளைக் கழற்றி எறியும் வேலையே எனக்கு மாதம் ஒன்று வருகிறது. ஐஎஸ் 710 முத்திரை உள்ள பிளைவுட் கேளுங்கள். நீர் பட்டாலும் ஒட்டு விடாது. முத்திரை பலகையின் மேலேயே அச்சாகியிருக்கும், வெட்டுவதற்கு முன் உங்கள் கண்ணால் பாருங்கள். சிங்க்குக்குக் கீழே எதுவும் அடிக்காமல் திறந்தே விட்டுவிடுங்கள். குழாய் கசிந்தால் அன்றைக்கே தெரியும், குப்பைக் கூடையும் அங்கே நிற்கும்.

கிரைண்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள்? மேடை மேல் என்றால் இறக்கிவிடுங்கள். வடக்குச் சுவரில் கீழ்க் கடப்பா தட்டு ஒன்றை எடுத்துவிட்டு 18 அங்குல உயரத்தில் தடித்த பலகை போட்டு, பக்கத்தில் ஒரு பிளக் கொடுத்தால், முக்காலியில் உட்கார்ந்தே மாவு தள்ளலாம். கல்லைத் தூக்குவதும் எளிது. மேடையில் இரண்டடி மிச்சம்.

---

நங்கநல்லூர்க்காரி

எல்லோருக்கும் என் வணக்கம். ஒன்பது வாரம் கழித்து எழுதுகிறேன். நடந்ததைச் சொல்ல வேண்டும்.

சுவர் பூச்சோடு 10¼ அங்குலம். செங்கல்லும் சுண்ணாம்பும் ஐயா சொன்னது போல 9 அங்குலச் சுவரேதான். பொறியாளர் ஒருவர் வந்தார். எங்கும் தூண் இல்லை, இந்தச் சுவரை எடுக்கவே கூடாது என்று முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லிவிட்டார். என் கணவர் அருகில்தான் நின்றார். அதன் பிறகு கடன் என்ற பேச்சே எழவில்லை. ஹால் பக்கம் பூச்சைச் சுரண்டினோம். காலண்டர் மாட்டியிருந்த ஆணிக்கு ஒரு சாண் மேலே சாம்பல் நிறத்தில் கான்கிரீட் தெரிந்தது. அதைப் பார்த்து நான் கைகூப்பிவிட்டேன். பொறியாளர் இரண்டு ஓரங்களிலும் சுரண்டிப் பார்த்து, லிண்டல் பக்கச் சுவரில் போதுமான அளவு உட்கார்ந்திருக்கிறது என்று உறுதி செய்து எழுதிக் கொடுத்தார்.

முதுகுச் செங்கல்லை எடுக்க ஒரு பகல் போதுமானதாக இருந்தது. 3 அடி அகலம். அலமாரியின் கீழ்த்தட்டும் என் மேடையும் ஏறக்குறைய ஒரே மட்டம் என்பதால், அதிலிருந்து இரண்டடி உயரத்துக்கு மட்டும் திறந்தோம். மேலே மிச்சமிருந்த அலமாரியை அப்படியே விட்டுவிட்டோம், அதில் ஊறுகாய் ஜாடிகள் நிற்கின்றன. திறப்பின் அடியில் கறுப்பு கிரானைட்டில் ஜன்னல் படி போல ஒரு படி வைத்து, ஹால் பக்கம் மூன்று அங்குலம் நீட்டினோம். அதன் விளிம்பை உருட்டச் சொன்னேன், அத்தையின் கை அதில்தான் அழுந்தும் என்பதால்.

அடுப்பு மேடையை இறக்கினோம். வாழைப்பூ சொன்னபடி அளந்ததில் என் முழங்கை 37½ அங்குலம். அடுப்புக்கு 29 என்று வைத்தோம், நீலச்சுடர் எச்சரித்த சிலிண்டரை வைத்துப் பார்த்து ரெகுலேட்டரைத் திருப்பிய பிறகுதான் கல்லைப் பதிக்க விட்டேன். கதவு போடவில்லை, வலைதான். குழாயையும் மாற்றியாகிவிட்டது. நறுக்கும் மேடை 35-லேயே இருக்கிறது. அதை உடைக்கப் பணமில்லை. முன்னைவிட வலி குறைந்திருக்கிறது, முற்றிலும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

விளக்கு போட்ட முதல் நாள் விடிகாலையில், பழக்கத்தில் இடப்பக்கம் சாய்ந்து நின்றே வெங்காயம் நறுக்கினேன். பாதியில்தான் நேராக நிற்கலாம் என்பது நினைவுக்கு வந்தது.

இதுவரை 71,000 ரூபாய் ஆகியிருக்கிறது. பரண்கள் காலியாகி நிற்கின்றன. அட்டைப் பெட்டிகளிலிருந்து இதுவரை எடுத்தது இடியாப்ப அச்சும் பெரிய வடிதட்டும். தெற்குப் பரணை வெட்ட பொறியாளர் சம்மதித்திருக்கிறார். ஆண்டுத் தேர்வு முடிந்த பிறகு செய்ய எண்ணம்.

அத்தை இப்போது சோபாவில் உட்காருவதில்லை. சாப்பாட்டு நாற்காலி ஒன்றை அந்தத் திறப்புக்கு நேராகப் போட்டுக்கொண்டார். உட்கார்ந்தால் அவர் கண்ணுக்கு நேராக அடுப்பு. போன வெள்ளிக்கிழமை முருங்கைக் கீரையை உருவித் தட்டோடு படியில் வைத்து இந்தப் பக்கம் தள்ளினார். நான் திரும்பிப் பார்க்காமல் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தேன். "உப்பு இன்னும் போடவில்லை நீ" என்றார். உண்மைதான், போடவில்லை. காது கேட்காதவர், அவ்வளவு தூரத்திலிருந்து என் கை எந்தப் பாத்திரத்துக்குப் போகவில்லை என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். காலையில் ஒரு வார்த்தை பேசாமல் ஓடிய நேரமெல்லாம் இப்போது பேச்சாக இருக்கிறது. பெரும்பாலும் என் தாளிப்பைத் திருத்துகிற பேச்சு. எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

மரத்தூள் அவர்களுக்கு: கிரைண்டரைக் கீழே இறக்கிவிட்டேன், நன்றி. மீதிப் பணத்தில் இழுப்பறைகள் செய்வதாக முடிவு செய்திருக்கிறோம். என்னிடம் இருப்பதிலேயே பெரியது 8 லிட்டர் குக்கர், மூடியும் வெயிட்டும் சேர்த்து உயரம் 10½ அங்குலம். கீழ் இழுப்பறைக்கு உள் உயரம் 12 வைத்தால் சரியாக இருக்குமா?

---

மரத்தூள்

12 சரியாக இருக்கும் அம்மா. குக்கரின் கைப்பிடியையும் சேர்த்து நீளத்தை அளந்து சொல்லுங்கள். 20 அங்குலத்தைத் தாண்டினால் குக்கரைக் குறுக்காக வைக்க வேண்டியிருக்கும், அதற்கு ஏற்றாற்போல அகலத்தை மாற்ற வேண்டும்.